நூல் நுழையும் இடம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் சுகன்யா எழுதுகிறாள். நான் "ஊடு" என்றால் அவள் "வீடு" என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எழுதட்டும். இஸ்திரி போட்ட சேலையானாலும் கட்டியிருப்பது நான்தானே.

போன மாதம் கோயமுத்தூரிலிருந்து கச்சேரி பாடுகிற பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். எல்லாரும் சொந்தமாகப் பாட்டும் கட்டுகிறார்களாம். தம்புரா கூட போனுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வரி வாய்க்கு வந்தால் உடனே அந்த போனிலேயே பாடி வைத்துக்கொள்கிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. என் காலத்தில் இது இருந்திருந்தால் குளிக்கும்போது வந்து, துவட்டுவதற்குள் ஓடிப்போன பாட்டையெல்லாம் பிடித்துக் கட்டிப் போட்டிருப்பேன்.

அதில் ஒரு பெண் கேட்டாள்: "ஏனுங் பாட்டி, பெரியவங்க பாட்டையும் பாடிக்கிட்டு, சொந்தமாவும் கட்டுனீங்களே, ரெண்டும் எப்படிங் ஒண்ணா ஓடுச்சு? எங்களுக்கு இது வந்தா அது வரமாட்டேங்குது."

காப்பி கொடுத்தேன், கச்சாயம் கொடுத்தேன். அவர்கள் ஏதோ மலர் போடுகிறார்களாம், அதற்குச் சொல்லி அனுப்புகிறேன் என்று வழியனுப்பினேன். இப்போது சொல்கிறேன்.

நான் பிறந்தது கொடுமுடி. என் தாய்மாமா கோயிலில் தேவாரம் பாடுகிறவர். அவர் பாடுவதைத் திருப்பிப் பாடுவதுதான் என் பள்ளிக்கூடம். ஒரு வரி சரியாக வராமல் அடுத்த வரி தர மாட்டார். சில வரிகளில் மழைக்காலம் முழுக்கக் குடியிருந்திருக்கிறேன். தேவாரம் முடிந்து கீர்த்தனைகளும் சொல்லிக் கொடுத்தார். நன்றாகப் பாடுகிறேன் என்று ஊரில் பேச்சு வந்த சமயத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. சோமனூரில் தறிக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

விசைத்தறிக் கொட்டகைக்குள் போனவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நின்று கத்தினாலும் காது கேட்காது. எங்கள் வீட்டுக்காரர் கையை ஆட்டியே குடும்பம் நடத்தினார். சாப்பாடு வேண்டுமென்றால் வாய்க்கு நேராக ஒரு சைகை, சம்பந்தி வந்திருந்தால் மீசையை முறுக்கி ஒரு சைகை.

"இந்தச் சத்தத்துல நான் பாடுனா உங்களுக்குத் தொந்தரவுங்களா?" என்று வந்த புதிதில் கேட்டேன்.

"பாடு பாடு. கேட்டாத்தான தொந்தரவு" என்றார்.

அப்படித்தான் என் சாதகம் நடந்தது. காதால் கேட்க முடியாது. தொண்டை எலும்பில் கை வைத்துப் பார்த்தால் சுரம் எங்கே நிற்கிறது என்று தெரியும். தறி மோட்டார்தான் என் சுருதி. ஒரே ரீங்காரமாக இருக்கும். பொழுது சாய்ந்து ஊரெல்லாம் விளக்குப் போட்டால் வோல்டேஜ் குறையும். மோட்டார் சுருதியும் கொஞ்சம் இறங்கும். நானும் கூடவே இறங்கிக்கொள்வேன்.

தறி வேலையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவது நாடா. படகு மாதிரி ஒரு மரக்கட்டை. அதன் வயிற்றுக்குள் நூல் சுற்றிய குச்சி இருக்கும். நூல் தீர்ந்ததும் தறியை நிறுத்தி வேறு குச்சி மாட்ட வேண்டும். நாடாவின் ஓரத்தில் ஊசிக்காது போல ஒரு சின்னக் கண் இருக்கும். அதில் வாயை வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினால் நூல் வெளியே வந்துவிடும். திரும்பத் தறியைத் தட்டிவிட வேண்டியதுதான். நாள் முழுக்க இதே வேலை. பஞ்சும் கொஞ்சம் வாய்க்குள் வரும். துப்பிவிடுவோம்.

ஒரு நாள் நான் மேல் சட்ஜத்தில் நின்று முழுத் தொண்டையில் பாடிக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விட்டது. எல்லாத் தறியும் நின்றது. நான் நிற்கவில்லை. தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

வாசலில் காதர் பாய் நின்றுகொண்டிருந்தார். கோட்டைமேட்டில் தம்புரா, வீணை பழுது பார்க்கிறவர். தம்புராக் கம்பிக்கும் அது உட்கார்ந்திருக்கிற பாலத்துக்கும் நடுவே ஒரு துண்டு நூல் வைப்பார்கள். அந்த நூல் சரியான இடத்தில் இருந்தால்தான் கம்பி பேசும். அதற்குத் தோதான பஞ்சு நூல் தேடி எங்கள் கொட்டகைக்கு வருவார்.

"ஏம்மா, உள்ள யாரு ரேடியோ வெச்சிருக்கறது?" என்றார்.

"கரண்ட்டே இல்லீங்களே பாய், ரேடியோ எப்படிங் பாடும்?" என்றேன்.

பாய் நூலை மறந்துவிட்டார். "சிங்காநல்லூர்ல விசாலாட்சி அம்மாவுக்குத் துணைப்பாட்டுக்கு ஆள் வேணும்மா. நீ ஒருக்கா வந்து பாடு" என்றார். எங்கள் வீட்டுக்காரர் யோசித்தார். "போயிட்டு வா. எனக்கு எப்படியும் கேக்காது" என்றார். அவர் பேச்சு எல்லாமே அப்படித்தான். ஆனால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சைக்கிளில் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான்.

விசாலாட்சி அம்மா பெரிய பாடகி. குளத்துப் பக்கம் வீடு. முதல் நாள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டிக்கொண்டே பாடினேன். பொழுது சாய்ந்தது. பழக்க தோஷம், நான் சுருதி இறங்கிவிட்டேன். அம்மா திரும்பிப் பார்த்தார்.

"ஏனம்மிணி எறங்குன?"

"இது எறங்காதுங்களா?" என்று தம்புராவைக் காட்டினேன்.

அம்மா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அன்றைக்கே என்னை வைத்துக்கொண்டார்.

அம்மா திட்ட மாட்டார். நாம் பாடியது பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் தம்புராவைத் தன் பக்கம் இழுத்து, ஏற்கெனவே சேர்ந்திருக்கிற சுருதியை மறுபடி சேர்க்க ஆரம்பிப்பார். முறுக்காணியை இம்மி திருப்புவார், கம்பியில் கோத்த மணியை இம்மி நகர்த்துவார். ஒன்றும் மாறியிருக்காது. நமக்குத்தான் வியர்த்துக் கொட்டும். மிருதங்கம் சின்னச்சாமி அண்ணன் என் காதில் சொல்வார்: "ஆத்தா, இன்னிக்குத் தம்புரா பாவம்." துணைப்பாட்டுக்காரி அம்மாவோடு சேர்ந்துதான் பாட வேண்டும், தனியாக ஒரு வரி எடுக்கக் கூடாது. அதுவும் அவர் சட்டம். வருஷக்கணக்காக அவர் நிழலாகவே பாடினேன். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. பெரிய மரத்து நிழல்.

சொந்தப் பாட்டு இதோடு எப்படி ஓடியது என்றுதானே அந்தப் பெண் கேட்டாள். அம்மா வீட்டில் வரவே வராது. ஒரு வரி முணுமுணுத்தால் போதும், தெரிந்த பாட்டெல்லாம் வந்து பந்தியில் உட்கார்ந்துவிடும். புதுப்பாட்டுக்கு இலை இருக்காது. தறிக் கொட்டகையில் மட்டும்தான் வரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து பழைய பாட்டெல்லாம் வாசலிலேயே நின்றுவிடும் போல. சின்னச் சின்னதாக நிறையக் கட்டினேன். யாரிடமும் சொன்னதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் அடித்து அடித்துத் திருத்துவார்கள். எனக்கு மனசில் விழுந்தது விழுந்ததுதான், முதலில் எப்படி வந்ததோ அப்படியே உறைந்துவிடும்.

ஓர் ஆனி மாதம் காவேரி மேல் ஒரு பாட்டு வந்தது. ஆனந்த பைரவி ராகம். பிறந்த ஊர் ஞாபகம்தான்.

ஓடுகின்றாய் காவேரி, ஒருமுறை திரும்பிப் பார்.

இதுதான் பல்லவி. இதில் "ஒருமுறை" என்று இழுத்து நிறுத்தியதும் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கும். அப்புறம்தான் "திரும்பிப் பார்." அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. பாட்டு அப்படித்தான் வந்தது.

அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்குக் கொடுமுடியில் அம்மா கச்சேரி. காவேரிக் கரையில் பாட்டு. என் ஊர், என் ஆறு. எனக்கு ஆசை வந்துவிட்டது. காதர் பாயிடம்தான் முதலில் சொன்னேன். அவர் நேராகப் போய் அம்மாவிடம் போட்டு உடைத்துவிட்டார்.

அம்மா என்னைக் கூப்பிட்டார். "பாட்டுக் கட்டியிருக்கறயாமா?"

"சும்மாங்கம்மா. தறிகிட்ட நின்னு மொணமொணத்தது."

"புதுப்பாட்டு புதுச்செருப்பாட்டம் மயிலாத்தா. ஊட்டுக்குள்ள போட்டு நடந்து பாக்கோணும். எடுத்ததும் மேடைக்குப் போட்டுக்கிட்டுப் போனா கால் கடிக்கும். பாடு பாக்கலாம்."

அம்மா ஒரு பாட்டைச் சோதிக்கிற விதம் தனி. முதலில் தம்புராவோடு கேட்டார். பிறகு தம்புராவை மூடி வைத்துவிட்டுப் பாடச் சொன்னார். பிறகு நடுவிலிருந்து எடுக்கச் சொன்னார். "சித்தெ இந்த அவரக்காயை நறுக்கிக்கிட்டே பாடு" என்று முறத்தை என் முன்னால் தள்ளினார். நான் நறுக்கிக்கொண்டே பாடினேன். காய் ஒரே அளவாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். காய் பெரிதும் சிறிதுமாக விழுந்தால் பாட்டு இன்னும் உடம்பில் ஏறவில்லை என்று அர்த்தம். கடைசியாக மறுநாள் காலையில் நான் செருப்பைக் கழற்றும் முன்னே, வாசலில் வைத்தே, "பாடு" என்றார். அப்போதும் பாட்டு அசையாமல் நின்றது.

"பாட்டு நல்லாருக்குது" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே சொன்னார்: "ஆனா பல்லவியில ஒரு ஓட்டை இருக்குதே. 'ஒருமுறை'க்கு அப்பறம் ஏன் நிக்குது? ஒரு சங்கதி போட்டு மூடிப்போடலாம்."

அந்த இடத்தில் குரலை வளைத்து ஒரு சங்கதி போட்டும் காட்டினார். எவ்வளவு அழகு! ஆற்றில் மீன் துள்ளுகிற மாதிரி. சின்னச்சாமி அண்ணன் வேறு, "காலி எடத்தப் பாத்தா என்ற கை சும்மா இருக்காதுங்கம்மா. ஒரு தீர்மானம் வாசிச்சு நெரப்பிப் போடறேன்" என்றார்.

அவர்கள் சொன்னபடி பாடிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஆறு திரும்பிப் பார்க்கவில்லை. அது அம்மாவின் சங்கதியில் குளித்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விட்டது. மறுபடி பாடினேன். வாய் அந்த இடத்தில் தானாக நின்றது. அம்மா பார்த்தார்.

"ஏன் நிக்கற?"

"தெரியலைங்கம்மா."

"காரணம் தெரியாத எடத்தை மேடையில எப்படிக் காப்பாத்துவ? கேக்கறவங்க பாட்டு மறந்துபோச்சும்பாங்க."

அப்புறம் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "அப்படின்னா இந்தப் பாட்டு வேண்டாங்கம்மா. கச்சேரிக்கு வழக்கமாப் பாடறதையே பாடிக்கலாம்" என்றேன்.

அம்மா தம்புராவை இழுத்தார். அன்றைக்குச் சேர்த்த மாதிரி அவர் என்றைக்கும் சேர்த்ததில்லை. சின்னச்சாமி அண்ணன் மிருதங்கத்தை உறைக்குள் போட்டுவிட்டு மெல்ல எழுந்து போய்விட்டார். நானும் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். என் பாட்டும் போச்சு, அம்மாவும் போச்சு என்று சூலூர் தாண்டுகிற வரைக்கும் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எனக்குத் தலைவலி என்று நினைத்துத் தைலம் கொடுத்தாள். அதையும் தேய்த்துக்கொண்டேன்.

அம்மாவிடமிருந்து ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. ஆடி பிறந்துவிட்டது. நான் பாட்டுக்குத் தறியில் நின்றுகொண்டு அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். என் வழியிலேயே, காலி இடத்தோடு.

ஒரு நாள் மத்தியானம் தலையைத் திருப்பினால் கொட்டகைக்குள் அம்மா நிற்கிறார். மூக்கின் மேல் முந்தானை. பட்டுச்சேலை முழுக்கப் பஞ்சு. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. எங்கள் வீட்டுக்காரருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் நின்று, எத்தனை பீஸ் துணி வேண்டும் என்று விரலைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் ஓடினேன். அம்மா கையைக் காட்டி என்னை அங்கேயே நிற்கச் சொன்னார். பாடு என்று சைகை செய்தார். பாடினேன். ஒன்றும் கேட்டிருக்காது, ஆனால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நூல் தீர்ந்தது. தறியை நிறுத்தி, குச்சியை மாற்றி, நாடாவை வாயில் வைத்து உறிஞ்சினேன். நூல் வந்தது. தறியைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தேன்.

அம்மா வந்து என் கையைப் பிடித்து வெளியே வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இப்ப எந்த எடத்துல நிறுத்திப்போட்டு அதை வாயில வெச்ச?"

யோசித்தேன். "ஒருமுறை"க்கு அப்புறம்தான். மொத்தென்று ஒரு அடி விழுந்த மாதிரி இருந்தது. அந்தப் பாட்டு முதல்முதலில் வந்த அன்றைக்கும் அந்த வார்த்தையில்தான் நூல் தீர்ந்திருக்க வேண்டும். வாய் நாடாவில் இருந்தது. நூல் வருகிற வரைக்கும் பாட்டு காத்துக்கொண்டிருந்தது. அந்தக் காத்திருப்போடுதான் அது எனக்குள் உறைந்திருக்கிறது. இத்தனை நாள் பாடிய எனக்குத் தெரியவில்லை. பாட்டே கேட்காத இடத்தில் நின்று அம்மா கண்ணால் கண்டுபிடித்துவிட்டார்.

"நான் ஓட்டைன்னு நெனச்சேன் அம்மிணி" என்றார். "அது நூலு நொழையற எடம். அதை மூடப்படாது."

பின்னாலேயே வந்து நின்ற எங்கள் வீட்டுக்காரர் பக்கம் அம்மா திரும்பினார். "ஏனுங், இந்தத் தொண்டையில பஞ்சை உறிஞ்ச உடறீங்களே, இது தொண்டையா, நூல் கோக்கற மிசினா? ஒரு கம்பி ஊசி வாங்கிக் குடுக்கறதுக்கென்ன?" என்றார். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். மறுநாளே கம்பி ஊசி வந்தது. அவருக்குக் கேட்ட ஒரே சங்கீதம் அம்மாவின் அந்தப் பேச்சுதான்.

ஆடிப்பெருக்கு அன்றைக்குக் கொடுமுடியில் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர். பெண்கள் முளைப்பாரியும் விளக்குமாகப் படித்துறையில் நிற்கிறார்கள். சாயங்கால வெயிலில் கச்சேரி. நடுவில் அம்மா மைக்கில் சொன்னார்: "இது மயிலாத்தா கட்டுன பாட்டு. இந்த ஊருப் புள்ளை." பிறகு மெதுவாக, "சின்னச்சாமி, அந்த எடம் வர்றப்ப கையைத் தொடைமேல வெச்சுக்கோ."

"ஒருமுறை" என்று நிறுத்தினோம். மிருதங்கம் நின்றது. தம்புரா மட்டும். அந்த அமைதியில் முன்வரிசையில் ஒரு அம்மாள், "பாட்டு மறந்துபோச்சாட்ட இருக்குது" என்றது எல்லாருக்கும் கேட்டது. "திரும்பிப் பார்" என்று நாங்கள் எடுத்ததும் அவளே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இரண்டாம் தடவை அந்த இடத்தில் ஒருவரும் பேசவில்லை. தண்ணீர் படியில் மோதுகிற சத்தம் உள்ளே வந்தது. பாட்டுக்குள் காவேரி வந்துவிட்டது. அதற்குத்தான் இடம் விட்ட மாதிரி இருந்தது.

மூன்றாம் தடவை "ஒருமுறை" என்று நிறுத்தியதும் அம்மா என் பக்கம் திரும்பினார். என் மடியில் தம்புரா. முறுக்காணிக்குக் கை வரப்போகிறது, நான் எங்கோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று எனக்கு உயிரே போய்விட்டது. கை வரவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு தலையை அசைத்தார்.

நான் தனியாக, "திரும்பிப் பார்" என்று பாடினேன். அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கச்சேரியிலும் என் பாட்டு ஒன்று இருந்தது. அம்மா போன பிறகு நானே முன்னால் உட்கார்ந்து பாடினேன். இப்போது குரல் மெலிந்துவிட்டது. மேடை ஏறுவதில்லை. ஆனால் அந்தப் பெண்பிள்ளைகள் கிளம்பும் முன் காவேரிப் பாட்டைக் கற்றுக்கொண்டுதான் போனார்கள். அவர்கள் பாட்டில் ஒன்றை எனக்குப் பாடியும் காட்டினார்கள். என்னமோ ஒரு தினுசு, எந்தப் பாட்டின் சாயலும் இல்லை. இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்டேன்.

அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேனா? கச்சேரிப் பாட்டு நெடுக்கே ஓடுகிற பாவு, சொந்தப் பாட்டு குறுக்கே ஓடுகிற ஊடை என்று எழுதட்டுமா என்று சுகன்யா கேட்கிறாள். அப்படியெல்லாம் அலங்காரமாக வேண்டாம் கண்ணு. அம்மா வீட்டில் பாடினேன், தறியில் கட்டினேன். ஒன்றில் காது வேலை செய்தது, இன்னொன்றில் கை வேலை செய்தது. கை வேலையாக இருக்கும்போது வருகிற பாட்டை விரட்டாதீர்கள் என்று மட்டும் எழுது.

மலரில் பாட்டையும் போட வேண்டுமாம். சுகன்யா பல்லவியை எழுதிக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"அத்தை, 'ஒருமுறை'க்கு அப்பறம் என்னங் எழுதறது? புள்ளி வெக்கட்டுங்களா, கோடு போடட்டுங்களா?"

"ஒண்ணும் எழுதாத கண்ணு. சித்தெ எடம் உட்டுப்போடு."

விட்டிருக்கிறாள். காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். இதில் ஓர் எழுத்துக்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இடம் எது என்று யாரும் காட்டவில்லை. நானே விரல் வைத்துக் கண்டுபிடித்தேன்.